போலீஸ் கருவிகளுக்கு வரும் ஃபெடரல் பணம் பிள்ளைகளின் திட்டத்துக்கு வராதா?

கேட்டவர் இருப்பது அமெரிக்காவில் ஒரு சிறிய நகரம். அந்த ஊர் போலீஸ் துறைக்கு ஃபெடரல் அரசின் மானியம் வந்திருக்கிறது. அதில் சட்டையில் மாட்டும் கேமராக்களும் குண்டு துளைக்காத அங்கிகளும் வாங்கியிருக்கிறார்கள். அதே சமயத்தில், பள்ளி விட்டபின் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நடந்துவந்த மாலை நேரத் திட்டத்தைக் காசில்லை என்று மூடிவிட்டார்கள். "வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு போலீஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறதா? அந்தப் பணத்தில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்ப முடியாதா? யாரைப் போய்க் கேட்பது?" என்பது அவர் கேள்வி.

மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த முடிவை எடுத்தது யார், அதை மாற்ற இடமிருக்கிறதா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அந்த முடிவு உங்கள் ஊரிலேயே எடுக்கப்பட்டிருக்கும். இந்த வகையில் மிகப் பரவலாக இருக்கும் மானியம் கருவிக்கும் செலவழிக்கலாம், பிள்ளைகளுக்கான தடுப்புத் திட்டத்துக்கும் செலவழிக்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. மாற்ற இடமிருக்கிறது. ஆனால் அதற்கான காலம் குறுகியது, அது பலர் கண்ணில் படாமலே கடந்துபோகிறது.

நான் மிட்வெஸ்ட் பகுதியில் ஒரு நகர நிர்வாகத்தின் மானியப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். விண்ணப்பம் எழுதுவது, கணக்கு வைப்பது, தணிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. நான் வழக்கறிஞர் இல்லை, போலீஸும் இல்லை. உங்கள் ஊர் விண்ணப்பத்தைப் பார்க்காமல் சொல்வதால், எது சட்டம், எது என் அனுபவம், எது என் ஊகம் என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் சுமார் 18,000 சட்ட அமலாக்க அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் சம்பளம், ஓய்வூதியம், ரோந்துக் கார், பெட்ரோல் எல்லாம் பெரும்பாலும் உள்ளூர் வரியிலிருந்தே வருகின்றன. நீங்கள் கட்டும் சொத்து வரியும் கடையில் கொடுக்கும் விற்பனை வரியும்தான் அது. ஃபெடரல் மானியம் அதன் மேல் தூவப்படும் சிறு தொகை. அப்படியிருந்தும் அது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? நகரத்தின் பொது நிதியில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கும் கட்டுப்பட்டுக் கிடக்கும். வருடத்தில் புதிதாக, இன்னும் யார் பெயரும் எழுதப்படாமல் கைக்கு வரும் பணம் மானியம் மட்டும்தான். அதனால் ஒரு ஊர் எதை முக்கியமாக நினைக்கிறது என்பது அந்தச் சிறு தொகையில்தான் வெளிப்படுகிறது.

உங்கள் ஊருக்கு வந்தது அநேகமாக பர்ன் ஜாக் மானியம், அதாவது எட்வர்ட் பர்ன் நினைவு நீதி உதவி மானியம் (JAG என்ற ஆங்கிலச் சுருக்கம்தான் 'ஜாக்'). எட்வர்ட் பர்ன் என்பவர் நியூயார்க் போலீஸில் புதிதாகச் சேர்ந்த இளைஞர். 1988 பிப்ரவரி 26 அதிகாலையில், குவீன்ஸ் பகுதியில் போதைக் கும்பலுக்கு எதிராகப் புகார் கொடுத்த ஒருவரின் வீட்டுக்கு வெளியே காரில் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 22. அவர் பெயரில் தொடங்கிய மானியமும் உள்ளூர் போலீஸுக்கான வேறொரு தொகுப்பு மானியமும் 2005 வாக்கில் ஒன்றாக்கப்பட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தன. நீதித் துறையின் கீழ் உள்ள நீதி உதவிப் பணியகம் இதை நடத்துகிறது.

இது போட்டி மானியம் இல்லை, கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுப்பது. மாநிலத்தின் பங்கு பாதி மக்கள்தொகையை வைத்தும், பாதி எஃப்பிஐயிடம் பதிவான வன்முறைக் குற்றங்களை வைத்தும் வரும். அந்தப் பங்கில் 60 சதவீதம் மாநில அரசுக்கும், 40 சதவீதம் நேரடியாக நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) போகும். கணக்குப்படி ஒரு ஊருக்கு 10,000 டாலருக்குக் கீழ் வந்தால் நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள், அது மாநிலத்தின் கைக்குப் போய்விடும். உங்கள் ஊர் சிறியது என்கிறீர்கள். அதனால் பணம் நேரடியாக வந்ததா, மாநிலத்திடம் விண்ணப்பித்து வாங்கியதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போய்க் கேட்க வேண்டிய கதவு அதைப் பொறுத்துத்தான் மாறும்.

இந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டம் சில தலைப்புகளைக் கொடுக்கிறது. சட்ட அமலாக்கம், வழக்கு நடத்துதலும் நீதிமன்றமும், தடுப்பும் கல்வியும், சிறையும் நன்னடத்தைக் கண்காணிப்பும், போதை சிகிச்சை, திட்டமிடலும் தொழில்நுட்பமும், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவி, மனநல சேவை என்று போகும். 'தடுப்பும் கல்வியும்' என்பதில்தான் உங்கள் மாலை நேரத் திட்டம் வந்து உட்காரும். குற்றத் தடுப்போடு அதற்கு என்ன தொடர்பு என்பதை விண்ணப்பத்தில் சரியாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பணம் போலீஸ் துறையின் வழியாகத்தான் செலவாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மானியத்தைப் பெறுவது நகர அரசு. நகரம் நினைத்தால் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம், ஊரில் உள்ள தொண்டு நிறுவனத்துக்கும் துணை மானியமாகக் கொடுக்கலாம். இதுவரை நான் சொன்னது சட்டத்தில் உள்ளது, சந்தேகத்துக்கு இடமில்லை.

வாங்கக் கூடாதவை என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆடம்பரப் பொருள், நிலம், சிறை தவிர்த்த கட்டுமானம் கூடாது. ரோந்துக் காரும் போலீஸ் படகும் ஹெலிகாப்டரும் வாங்கலாம், மற்ற வண்டி வாகனங்கள் வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். படங்களில் நாம் பார்க்கும் ராணுவக் கவச வண்டிகளில் பெரும்பாலானவை இந்தப் பணத்தில் வாங்கியவை இல்லை. பாதுகாப்புத் துறை தன்னிடம் மிஞ்சியதை உள்ளூர் போலீஸுக்குக் கொடுக்கும் 1033 என்ற ஏற்பாட்டின் வழியாக அவை வருகின்றன. 2014-இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்றதையடுத்து எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு அதைக் கட்டுப்படுத்துவதும் தளர்த்துவதுமாக ஜனாதிபதிக்கு ஜனாதிபதி ஆணைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அது தனிக் கதை, உங்கள் கேள்விக்குத் தேவையில்லை.

சரி, இரண்டுக்கும் வழி இருக்கிறது என்றால் ஏன் எல்லா ஊரிலும் கருவியே ஜெயிக்கிறது? போலீஸ் தலைவர்கள் பேராசைக்காரர்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நான் வேலை பார்த்த தலைவர்களில் பலர் பிள்ளைகளுக்கான திட்டங்கள் வேண்டும் என்று மனதார விரும்பியவர்கள். காரணம் காகிதத்தில் இருக்கிறது.

20 அங்கிகள் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். விலைப்புள்ளி கேட்பது, ஆர்டர் போடுவது, பெட்டி வந்து இறங்குவது, ஒரு பில், ஒரு காசோலை. அங்கி எண்களைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் தணிக்கைக்குத் தேவையானது ஒரே கோப்பில் முடிந்துவிடும். இனி மாலை நேரத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் பகுதி நேரப் பயிற்சியாளர் ஒருவர். அவருடைய நேரத்தாளில் செவ்வாய் நாலு முதல் ஆறு வரை மானிய வேலை, ஆறு முதல் ஏழு வரை நகரத்தின் வேறு வேலை என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். அவர் கையெழுத்தும் மேற்பார்வையாளர் கையெழுத்தும் வேண்டும். ஒரு வாரம் கையெழுத்து விட்டுப்போனால் அந்த வாரச் சம்பளம் தணிக்கையில் கேள்விக்குறியாகிவிடும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பழகும் எல்லோருக்கும் தகுதிச் சோதனை செய்து, அந்தச் சோதனை நடந்ததற்கான ஆதாரத்தையும் வைத்திருக்க வேண்டும். இத்தனையும் ஒரு பயிற்சியாளருக்கு.

தொண்டு நிறுவனம் நடத்தினால் இன்னும் ஒரு அடுக்கு சேரும். அந்த நிறுவனம் ஃபெடரல் அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். நகரம் அதைக் கண்காணித்து அறிக்கை எழுத வேண்டும். இதைவிடக் கொடுமை, பல நகரங்கள் துணை மானியத்தைச் செலவான பிறகுதான் திருப்பித் தரும். அதாவது நிறுவனம் முதலில் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்து, ரசீதுகளை அனுப்பி, ஒன்று இரண்டு மாதம் காத்திருந்து பணம் வாங்க வேண்டும். வங்கியில் மூன்று மாதச் சேமிப்புகூட இல்லாத ஒரு சிறு அமைப்பு இதை எப்படித் தாங்கும்? நல்ல வேலை செய்துகொண்டிருந்த அமைப்பு ஒன்று, மானியம் கிடைத்த பிறகும் இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் விலகிக்கொண்டதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் கடைசியில் கருவிக்குத்தான் போனது. மீதமாகும் பணம் எப்போதும் அங்கேதான் போகும், ஏனென்றால் கெடு முடிவதற்குள் செலவழிக்க அதுதான் சுலபம்.

இங்கே உங்கள் ஊர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டிய ஒரு விதி உண்டு. ஃபெடரல் பணம் வந்ததும், அதுவரை உள்ளூர்ப் பணத்தில் செய்துவந்த செலவை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கக் கூடாது. மாலை நேரத் திட்டத்தை நகரம் தன் சொந்த நிதியில் நடத்தி, அதை நிறுத்திவிட்டு, இப்போது ஜாக் பணத்தில் மறுபடி தொடங்கினால், தணிக்கைக்காரர் முதலில் இதைத்தான் கேட்பார். அதற்காக முடியவே முடியாது என்று அர்த்தமில்லை. மானியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், வருமானம் குறைந்ததால்தான் நிறுத்தப்பட்டது என்பதற்கு அந்தக் காலத்து பட்ஜெட் கூட்டக் குறிப்புகள் சாட்சி சொன்னால் போதும். திட்டத்தைத் தனியார் நன்கொடையில் ஓர் அமைப்பு நடத்திவந்தது என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. ஆகவே அந்தத் திட்டத்துக்கு இதற்கு முன் யார் காசு கொடுத்தார்கள் என்பதை நீங்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

என் ஊகம் ஒன்று சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் 2021 சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 350 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். அதைக் கொண்டு பல ஊர்கள் போலீஸுக்கும் செலவழித்தன, இளைஞர் திட்டங்களும் தொடங்கின. அந்தப் பணத்தை 2024 டிசம்பர் 31-க்குள் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும் என்பது கெடு. பள்ளிகளுக்குத் தனியாக வந்த கொரோனா நிதியின் கடைசித் தவணைக்கு 2024 செப்டம்பர் கெடு. இந்தக் காலகட்டத்தை ஒட்டி மூடப்பட்ட மாலை நேரத் திட்டங்களில் நிறைய இப்படிக் காய்ந்துபோனவைதான். உங்கள் ஊரிலும் அதுவே காரணமாக இருந்தால், போலீஸுக்கு அங்கி வாங்கியதற்கும் திட்டம் மூடப்பட்டதற்கும் நேரடித் தொடர்பு இருக்காது.

அங்கி பற்றி ஒரு வார்த்தை. அது தேவையில்லாத செலவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அங்கி உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் விவாதமே இல்லை. அதன் உத்தரவாதம் பெரும்பாலும் ஐந்து வருடம்தான், அதன் பிறகு மாற்றியாக வேண்டும். ஆனால் அதற்கென்றே 1998-இல் ஒரு தனிச் சட்டம் போட்டு, அங்கி விலையில் பாதி வரை ஃபெடரல் அரசே தரும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அதில் முன்னுரிமை. பணியில் இருக்கும்போது கட்டாயம் அணிய வேண்டும் என்று துறை எழுத்தில் விதி வைத்திருக்க வேண்டும், அங்கி நீதித் துறையின் ஆய்வுப் பிரிவான தேசிய நீதி நிறுவனத்தின் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், இவைதான் முக்கிய நிபந்தனைகள். மீதிப் பாதியை ஜாக் பணத்திலிருந்து கட்ட முடியாது, உள்ளூர் நிதியிலிருந்துதான் கட்ட வேண்டும். அப்படியானால் நீங்கள் நகர மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கிடைக்கிறது: "அங்கிக்கு அந்தத் தனி ஏற்பாட்டில் விண்ணப்பித்தீர்களா? விண்ணப்பித்திருந்தால் ஜாக் பணத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?" போலீஸுக்கு எதிராகப் பேசாமலேயே பிள்ளைகளுக்கு இடம் உண்டாக்கும் கேள்வி இது. சிறிய துறைகளில் இந்த விண்ணப்பத்தைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணம்.

கேமரா விஷயம் வேறு மாதிரி. கேமராவின் விலை சின்னச் செலவு. பதிவுகளைச் சேமித்து வைப்பது, மென்பொருள் உரிமம், வழக்குக்காகப் பதிவுகளைப் பார்த்து முகங்களை மறைத்துக் கொடுக்க ஓர் ஊழியர், இவைதான் வருடா வருடம் வந்து நிற்கும் செலவு. மானியம் முதல் சில வருடங்களைத் தாங்கும். பிறகு அந்தச் சந்தா முழுவதும் நகரத்தின் பொது நிதியில் விழும். ஐந்தாவது வருடத்தில் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டார்களா? அடுத்த பட்ஜெட்டில் எந்தத் திட்டம் வெட்டுப்படும் என்பதை அந்தச் சந்தாதான் தீர்மானிக்கும். இன்னொன்று, தெருவில் மாட்டும் கண்காணிப்புக் கேமராவை ஃபெடரல் பணத்தில் வாங்கும்போது ஹிக்விஷன், டாஹுவா போன்ற சில சீன நிறுவனங்களின் சாதனங்களை வாங்கத் தடை இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அந்தச் செலவு மானியத்தில் ஏற்கப்படாது.

உடல் கேமராவால் பலன் உண்டா? இதில் உறுதியாகச் சொல்ல முடிந்தது குறைவு. கலிஃபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012-இல் தொடங்கிய சோதனையில் போலீஸ் பலப்பிரயோகமும் பொதுமக்கள் புகார்களும் பெருமளவு குறைந்தன. அது சிறிய துறை. பிறகு வாஷிங்டன் டிசியில் 2,000-க்கும் மேற்பட்ட போலீஸாரை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தபோது, கேமரா போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஒரு சம்பவத்தில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்துகொள்ளப் பதிவு இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். குற்றம் குறையும் என்று சொல்லி அதை விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கான திட்டங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நல்ல எண்ணத்தில் தொடங்கிய எல்லாமே பலன் தருவதில்லை. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்த டேர் என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் போலீஸ்காரர் சீருடையில் வகுப்புக்கு வந்து பாடம் நடத்துவார். நாடு முழுக்கப் பரவியது. பெற்றோர், பள்ளி, போலீஸ் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் 1990-களில் ஆய்வுக்கு மேல் ஆய்வாகப் பார்த்தபோது, பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. பிறகு பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். கும்பல்களில் சேராமல் தடுக்க ஃபீனிக்ஸில் 1991-இல் தொடங்கிய கிரேட் திட்டத்துக்கும் முதல் தேசிய ஆய்வில் கும்பலில் சேர்வது குறைந்ததாகத் தெரியவில்லை. பாடத்தைத் திருத்திய பிறகு நடந்த ஆய்வில் ஓரளவு நல்ல முடிவு வந்தது.

இதற்கு மறுபக்கம் சிகாகோ. 2012 கோடையில் அங்கே வன்முறை அதிகமுள்ள பகுதிப் பள்ளிகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எட்டு வாரப் பகுதி நேர வேலை கொடுத்தார்கள். வேண்டும் என்று விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைத்த அணியில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது 43 சதவீதம் குறைவு. சாரா ஹெல்லர் செய்த இந்த ஆய்வு 2014-இல் சயன்ஸ் இதழில் வந்தது. வன்முறை தவிர்த்த குற்றங்களில் அப்படியொரு குறைவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாலை நேரக் கூடைப்பந்து போன்றவற்றுக்கு இந்த அளவு வலுவான ஆதாரம் கிடையாது. பிள்ளைகள் பாதுகாப்பான இடத்தில், தெரிந்த பெரியவர் ஒருவரின் பார்வையில் இருப்பதற்கு அதன் அளவில் மதிப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் விண்ணப்பத்தில் "குற்றம் இத்தனை சதவீதம் குறையும்" என்று எழுதாதீர்கள். எழுதினால் அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்கான ஃபெடரல் பணம் நீதித் துறையில் மட்டும் இல்லை. அங்கே இருப்பது 1974-இல் வந்த சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் உள்ள மானியம். அது மாநிலத்துக்குப் போகும், சிறாரைப் பெரியவர்களின் சிறையில் வைக்காதது போன்ற நிபந்தனைகளோடு. அதை எப்படிச் செலவழிக்கலாம் என்று சொல்ல ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு, அதில் இளைஞர்களும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உங்கள் திட்டம் போன்றவற்றுக்கு நேராகப் பொருந்துவது கல்வித் துறையின் இருபத்தோராம் நூற்றாண்டு சமூகக் கற்றல் மையங்கள் என்ற நிதி. பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் திட்டங்களுக்கென்றே உள்ளது அது, மாநிலக் கல்வித் துறை போட்டி வைத்துக் கொடுக்கும். வீட்டுவசதித் துறையின் சமூக வளர்ச்சித் தொகுப்பு மானியத்தில் 15 சதவீதம் வரை பொதுச் சேவைகளுக்குச் செலவழிக்கலாம், அதில் இளைஞர் சேவையும் அடங்கும். கோடைக்கால வேலைக்குத் தொழிலாளர் துறையின் நிதி. ஜாக் ஒன்றையே பிடித்துத் தொங்காமல் இவற்றையும் கேட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை.

இப்போது நிலையில்லாமல் இருப்பது எது என்றும் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரலில் நீதித் துறை, ஏற்கெனவே கொடுத்திருந்த 360-க்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே மூச்சில் ரத்து செய்தது. அவற்றின் மொத்த மதிப்பு சுமார் 800 மில்லியன் டாலர். சமூக வன்முறைத் தடுப்பு, இளைஞர், பாதிக்கப்பட்டோர் சேவைத் திட்டங்கள் அதில் கடுமையாக அடிபட்டன. அது பெரும்பாலும் போட்டி மானியங்களில் நடந்தது, கணக்குப்படி பிரியும் ஜாக் அதே வகையில் ரத்தாகவில்லை. ஆனால் ஜாக் பணத்தோடு குடியேற்ற அமலாக்க நிபந்தனைகளைச் சேர்க்கலாமா என்பது 2017 முதலே நீதிமன்றங்களில் இழுபடும் விவகாரம். சிகாகோ, ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களின் வழக்குகளில் அரசு தோற்றது, நியூயார்க் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. எனவே இந்த வருட நிபந்தனைகள் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் அதைப் படித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி யாரிடம், எப்போது கேட்பது என்பதற்கு வருகிறேன். ஜாக் விண்ணப்பத்தை அனுப்புவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பாக நகர மன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும், பொதுமக்களும் ஊர் அமைப்புகளும் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கெடு நெருங்கிவிட்டால் விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிட்டு, இந்த நடைமுறை முடியும் வரை பணத்தை எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பதும் உண்டு. எப்படியிருந்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் பணம் செலவாகாது.

நடைமுறையில் அது எப்படி இருக்கும் தெரியுமா? நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கன்சென்ட் அஜெண்டா என்று ஒரு பகுதி இருக்கும். போன கூட்டத்தின் குறிப்புகளை ஏற்பது, ஒரு தெருவை ஊர்வலத்துக்காக மூடுவது, தீயணைப்பு வண்டிக்கு டயர் வாங்குவது, இவற்றுக்கு நடுவே ஒரே வரியில், "பர்ன் நினைவு நீதி உதவி மானியம், இவ்வளவு டாலர், விண்ணப்பிக்க மேலாளருக்கு அதிகாரம்" என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. விவாதம் கிடையாது. ஆனால் எந்த உறுப்பினரும் "அந்த வரியைத் தனியாக எடுங்கள்" என்று கேட்டால், அதை வெளியே எடுத்துப் பேசித்தான் ஆக வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினருக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு மின்னஞ்சல் போட்டு அதைக் கேட்கச் சொல்லுங்கள். நான் பார்த்த வரை, பெற்றோர் நாலு பேர் எழுதினாலே பெரும்பாலான உறுப்பினர்கள் செய்துவிடுவார்கள்.

போகும்போது வெறும் குறையோடு போகாதீர்கள். முழுப் பணத்தையும் கேட்டால் போலீஸ் தலைவர் எழுந்து பழைய அங்கியைத் தூக்கிக் காட்டுவார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு கேளுங்கள். திட்டத்தை யார் நடத்துவார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நேரத்தாளையும் ரசீதுகளையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பூங்காத் துறை நடத்த முன்வந்தால் இன்னும் சுலபம், ஏனென்றால் நகரத்தின் சம்பளப் பட்டியலும் கணக்குப் பிரிவும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன, செலவழித்துவிட்டுக் காத்திருக்கும் சிக்கலும் வராது. முடிந்தால் போலீஸ் தலைவரை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். அவரே ஆதரித்து நாலு வார்த்தை சொன்னால் மன்றத்தில் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஏற்கெனவே வந்துவிட்ட பணத்திலும் வழி முழுதாக அடைபடவில்லை. 25,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள உள்ளூர் ஜாக் மானியங்களுக்கு நான்கு வருட அவகாசம் உண்டு, அதற்குக் கீழ் என்றால் இரண்டு வருடம். செலவாகாமல் மிச்சம் இருந்தால், மாற்றம் கோரி ஃபெடரல் அனுமதி வாங்கி வேறு தலைப்புக்குத் திருப்பலாம். இதைச் செய்திருக்கிறோம். காகித வேலை இருக்கும், ஆனால் அசாதாரணமான விஷயம் இல்லை.

அதனால் இந்த வாரம் செய்ய வேண்டியவை இவை. நீதி உதவிப் பணியகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜாக் ஒதுக்கீட்டுப் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா பாருங்கள். சில இடங்களில் நகரமும் கவுண்டியும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அப்போது இருவரும் போட்ட பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கும், அதையும் கேளுங்கள். பெயர் இல்லையென்றால் உங்கள் மாநிலத்தில் இதை நடத்தும் அலுவலகம் எது என்று தேடி, அவர்களுடைய அடுத்த விண்ணப்பக் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் இருந்தால் நகர எழுத்தரிடம் போய், கடந்த மூன்று வருட ஜாக் விண்ணப்பமும் பட்ஜெட் விளக்கமும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பொது ஆவணம், கொடுக்க வேண்டும். கையில் கிடைத்ததும் தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். எந்த வரியில் இடமிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.